ரைஹானாவின் கட்டுத்தறி

"வாப்பா, நீங்க சுடுற ஆளுக்கு உங்க பேரு தெரியுமா?"

ஹிஸாம் கடைசியாக வீட்டைவிட்டுக் கிளம்பிய காலையில் அவன் மகள் ஹூரியா கேட்டது இது. பல் விழுந்து முளைக்கிற வயசு அவளுக்கு. அவன் துப்பாக்கி வாரைத் தோளில் சரிசெய்துகொண்டே, "தெரியாதும்மா" என்றான். "அப்ப அவரு பேரு உங்களுக்கு?" என்று அடுத்ததைக் கேட்டாள். அதற்குள் அவன் மனைவி வந்து, "போற மனுஷனைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு என்ன கேள்வி" என்று பிள்ளையை இடுப்பில் தூக்கி உள்ளே போய்விட்டாள்.

இப் நகரத்துக்கு மேலே இருந்த தன் சோளக்காட்டிலிருந்து தலைநகர் ஸன்ஆ வரைக்கும் அந்தக் கேள்வி அவன் கூடவே வந்தது. அது ஏமனில் ஆட்சி இழந்த அரசர் இமாமின் ஆட்களும் குடியரசின் ஆட்களும் அடித்துக்கொண்டிருந்த ஆறாவது வருஷம். வடக்கே மலைமலையாகப் பிடித்ததும் விட்டதுமாகப் போன எத்தனையோ சண்டைகளில் அவன் இருந்திருக்கிறான். அங்கெல்லாம் கூட்டத்தோடு ஓடி, கூட்டத்தோடு சுட்டு, கூட்டத்தோடு சாப்பிட்டுப் படுத்துவிடுவான். கேள்விக்கு இடமே இருக்கவில்லை. பைத் ரஹ்பான் கோபுரத்தில் தனியாக உட்கார்ந்த பிறகுதான் அது அவனைப் பிடித்துக்கொண்டது.

அந்த இலையுதிர் காலத்தில், குடியரசுக்குத் துணையாக வந்திருந்த எகிப்துப் படை தன் டாங்குகளோடு ஊர் திரும்பிவிட்டது. அவர்கள் போன சூட்டோடு இமாமின் ஆட்கள் இறங்கி வந்து ஸன்ஆவைச் சுற்றியிருந்த மலைகளையெல்லாம் பிடித்துக்கொண்டார்கள். நகரத்துக்குள் குண்டு விழுந்தது. துறைமுகத்திலிருந்து மேலே ஏறி வரும் ஹுதைதா சாலை அடைபட்டது. அந்தச் சாலையின் ஒரு வளைவைப் பார்த்தபடி இருந்த பழைய கல் கோபுரத்தில் ஹிஸாமையும் சேர்த்துக் குடியரசு ஆட்கள் நாலு பேரைக் கொண்டுவந்து விட்டார்கள். "கடற்கரையிலிருந்து நம்ம படை வரும். அதுவரைக்கும் இது விழக்கூடாது" என்று சொல்லிப் போன அதிகாரியை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

முதல் வாரமே ஒருவன் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் சுடப்பட்டு இறந்தான். அவனைக் கோபுரத்துக்குப் பின்னால் அடக்கம் செய்தார்கள். மற்ற இருவரும் நகரத்துக்குப் போய் ஆள் கூட்டி வருகிறோம் என்று இறங்கினார்கள். போனவர்கள் போனவர்கள்தான். மாவு இருந்தது, பேரீச்சம்பழம் இருந்தது, தோட்டா நிறைய இருந்தது. தண்ணீர் மட்டும் தீர்ந்துகொண்டே வந்தது.

தண்ணீர் இருந்தது கீழே, பைத் ரஹ்பான் ஊர்க் குளத்தில். மழைநீரைத் தேக்கக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய வட்டக் குளம். ஒரு பக்கம் அவன் கோபுரம். எதிர்ப்பக்கத்து முகட்டில் இமாம் ஆட்களின் கல்லரண். குளம் சரியாக நடுவில்.

எதிர்முகட்டில் எத்தனை பேர் என்று அவனுக்குத் தெரியாது. ஒரு நேரம் ஒரு மூலையிலிருந்து வெடிக்கும், அடுத்த நேரம் இன்னொரு மூலையிலிருந்து. அவர்களில் ஒருவனுக்கு வாய் நீளம். ஹிஸாமின் தெற்கத்திப் பேச்சை வைத்து அவனைக் கீழ்நாட்டான் என்றுதான் கூப்பிடுவான்.

"ஏய் கீழ்நாட்டான், இன்னிக்கு என்ன சமையல்?"

"ஆடு. நாங்க நாலு பேரும் தின்னது போக மிச்சம் இருக்கு. வந்து வாங்கிக்கோ."

"வேணாம்பா. எங்களுக்குத் தேன் வந்திருக்கு. பத்துப் பேரும் நக்கி நக்கி நாக்கு தேஞ்சு போச்சு."

ஹிஸாம் அந்த நாலு பேரையும் விடாமல் உயிரோடு வைத்திருந்தான். கோபுரத்தின் இரண்டு மூலையிலும் நெருப்புப் போட்டான். குரலை மாற்றி இருமினான். "முஸ்லிஹ், கதவைச் சாத்துடா" என்று கதவே இல்லாத இடத்தில் கத்தினான். இப்படிக் கத்தி முடித்த பிறகு வரும் அமைதி, கத்தாமலே இருந்ததைவிடக் கனமாக இருந்தது.

ரமலான் பிறந்தது. ஊரில் பாங்கு சொல்ல ஆள் இல்லை. சூரியன் விழுந்ததும் எதிர்முகட்டிலிருந்து அந்த வாய் நீளமானவனே பாங்கு சொன்னான். வடநாட்டு வழக்கப்படி அதில் ஒரு வரி கூடுதலாக இருந்தது. ஹிஸாம் அந்தக் குரலைக் கேட்டுத்தான் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டான். நாளெல்லாம் தன்னைச் சுடப் பார்த்தவனின் குரலில் நோன்பு திறக்கிறோமே என்று முதல் நாள் சிரிப்பு வந்தது. பிறகு அந்தக் குரலுக்காகவே காத்திருக்க ஆரம்பித்தான்.

ஊரில் எல்லாரும் பின்பள்ளத்துக் குகைகளுக்குப் போய்விட்டார்கள். ஒரே ஒருத்தி மட்டும் போகவில்லை. தகிய்யா என்று பெயர். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. ஒரு பசு இருந்தது. குகைக்கு இறங்கும் பாதை ஏணி மாதிரி செங்குத்து, அதில் பசு இறங்காது. "ரைஹானாவை விட்டுட்டு நான் எங்க போறது" என்று அவள் தங்கிவிட்டாள்.

தினமும் காலையில் தகர டின்னைத் தலையில் வைத்து, பசுவை முன்னால் விட்டுக் குளத்துக்கு நடப்பாள். இரண்டு பக்கமும் துப்பாக்கி மௌனமாகிவிடும். தண்ணீர் சுமக்கிற பெண்ணை நோக்கித் துப்பாக்கியைத் திருப்பக்கூடாது என்பது அந்த மலைகளில் இமாமுக்கும் குடியரசுக்கும் முந்திய சட்டம். அப்பனைக் கொன்றவனோடு சண்டை நடந்தாலும் அவன் வீட்டுப் பெண் குடத்தோடு நடுவில் போய் வருவாள். அதை மீறினால் கறுப்பு வெட்கம் என்பார்கள். பேரப்பிள்ளை காலம் வரைக்கும் அந்தக் கறை போகாது.

அவள் டின்னைக் கையால் பிடிப்பதே இல்லை. கழுத்து ஆடாமல், கை வீசி நடப்பாள்.

ஒருநாள் அவள் கோபுரத்தடியில் போகும்போது ஹிஸாம் மேலிருந்து மெதுவாகக் கேட்டான். "அத்தை, ஒரு கிண்ணம் தண்ணி."

அவள் நிற்காமலே சொன்னாள். "இது எனக்கும் மாட்டுக்கும். உனக்கு ஊத்தினா நான் உன் பக்கத்து ஆளாயிடுவேன். அப்புறம் எவனாவது என்னைச் சுட்டா, ஏன்டா சுட்டேன்னு யாரைப் போய்க் கேக்கிறது?"

அவள் சொன்னது நியாயம்தான். ஆனால் தாகம் நியாயத்தைக் கேட்டுக்கொண்டு உட்காராது. அன்று மத்தியானம் அவன் ஊருக்குள் இறங்கி, ஆளில்லாத ஒரு வீட்டின் கொடியில் தொங்கிய பெண்ணுடையையும் முகத்துணியையும் எடுத்துப் போட்டுக்கொண்டான். ஒரு டின்னும் கிடைத்தது. குனிந்து, சின்ன அடி வைத்துக் குளத்துக்குப் போனான். முதுகுத்தண்டில் குண்டு பாய்கிற இடம் எது என்று ஒவ்வொரு அடியிலும் தெரிந்தது. யாரும் சுடவில்லை. நிரப்பித் தலையில் ஏற்றி, இரண்டு கையாலும் இறுகப் பிடித்துத் திரும்பிவிட்டான்.

மறுநாளும் போனான். முகட்டிலிருந்து குரல் வந்தது.

"அத்தை, காலையில ஒரு தடவை, இப்ப ஒரு தடவையா? மாட்டுக்கு வயிறு போகுதா?"

ஹிஸாம் தலையை மட்டும் ஆட்டினான். டின் சாய்ந்து பாதி முதுகில் கொட்டியது.

"பார்த்துப் போங்க அத்தை" என்றது குரல். அந்தக் கனிவு அவன் தோளில் நனைந்த துணியைவிடக் குளிராக இறங்கியது.

மூன்றாம் நாள் காலையில் தகிய்யா கோபுரத்தடியில் நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். கோபுரச் சந்தில் உடை காய்ந்துகொண்டிருந்தது.

"அது எங்க பக்கத்து வீட்டுக்காரியோட துணி."

ஹிஸாம் அதை உள்ளே இழுத்துக்கொண்டான்.

"எத்தனை தடவை போனே?"

"ரெண்டு தடவை. தாகம் தாங்கல அத்தை."

"நீ எடுத்தது தண்ணி இல்ல தம்பி" என்றாள். குரல் உயரவில்லை. "நான் நடக்கிற வழி. இந்த முக்காட்டுக்குள்ள ஒரு ஆம்பளை இருக்கான்னு அவனுங்களுக்குத் தெரிஞ்சா, அப்புறம் எந்த முக்காட்டை நம்புவான்? இங்க மட்டுமில்ல, எந்த மலையில எந்தப் பொண்ணு குடம் எடுத்தாலும் ஒருத்தன் கண்ணை இடுக்கிப் பார்ப்பான்."

"இனிமே போட மாட்டேன். அல்லா மேல சத்தியம்."

அவள் ஒரு சின்னக் கல்தொட்டியை உருட்டி வந்து கோபுரச் சுவரோரம் போட்டாள். "நாளையிலேருந்து ரைஹானாவுக்கு இங்கதான் தண்ணி காட்டப் போறேன். மாடு குடிச்சது போக மிச்சத்தை ராத்திரி எந்த நாய் வந்து குடிச்சாலும் எனக்குத் தெரியாது."

"நாய் உங்களுக்காக அல்லாகிட்ட துஆ கேக்கும் அத்தை."

"நாய் வாயை மூடிட்டு இருந்தாலே போதும்."

அந்தத் தொட்டியில் ரைஹானா தண்ணீர் குடிக்கவே இல்லை.

மறுநாள் காலை கடுங்குளிர். தகிய்யா குளத்தில் மொண்டு, டின்னைத் தலையில் ஏற்றித் திரும்பினாள். நோன்பின் களைப்பு, சரியாக உண்ணாத உடம்பு. படி ஏறும்போது தலை சுற்றியிருக்க வேண்டும். அவள் இரண்டு கையையும் தூக்கி டின்னைப் பிடித்துக்கொண்டாள்.

ஹிஸாம் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த இரண்டு கைகளைப் பார்த்ததும் அவன் சட்டென்று எழுந்தான். அவள் அப்படிப் பிடிப்பவள் இல்லை. அப்படிப் பிடித்தது அவன்.

ஒரே ஒரு வெடி. டின் பறந்தது. தண்ணீர் அவள்மேல் கொட்டியது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பசு மிரண்டு, வரப்பைத் தாண்டிப் பாய்ந்து, அடுக்குவயலின் உயரமான சுவரிலிருந்து கீழே விழுந்தது.

அடுத்த வெடி எங்கே விழும் என்று ஹிஸாமுக்குத் தெரியும். துப்பாக்கியைத் தரையில் வைத்தான். கோபுரத்தைவிட்டு வெட்டவெளிக்கு வந்து இரண்டு கையையும் விரித்து நின்றான்.

"சுடாதே. அது பொண்ணுதான். வேஷம் போட்டவன் நான். என் பேரு ஹிஸாம். நாஜி மகன் ஹிஸாம். இப் நகரத்துப் பக்கத்து ஆளு. சுடணும்னா என்னைச் சுடு."

தன் பெயரைச் சத்தம் போட்டுச் சொல்லி எத்தனை நாளாயிற்று என்று அந்த நேரத்திலும் அவனுக்குத் தோன்றியது.

வெகுநேரம் கழித்துக் கல்லரணுக்குப் பின்னாலிருந்து ஒரு ஆள் எழுந்தான். கையில் துப்பாக்கி இல்லை. தாடி நரைத்த, ஒல்லியான ஆள். "ஜுப்ரான்" என்றான், பாங்கு சொன்ன அதே குரலில், ஆனால் இப்போது அதில் கேலியே இல்லாமல். "என் பேரு ஜுப்ரான். ரெண்டு கையைப் பார்த்ததும் வேஷக்காரன்னு நினைச்சேன். அத்தை... அத்தைக்கு அடி பட்டிருக்கா?"

தகிய்யாவுக்கு அடி படவில்லை. அவள் ஏற்கனவே எழுந்து பசுவிடம் ஓடிக்கொண்டிருந்தாள். ரைஹானாவின் முன்கால்கள் இரண்டும் முறிந்திருந்தன. எழப் பார்த்து எழப் பார்த்து முனகியது. தகிய்யா அதன் தலையை மடியில் தூக்கி வைத்து, வந்து நின்ற இருவரையும் நிமிர்ந்து பார்த்தாள்.

"மூச்சு இருக்கும்போதே அறுத்திடுங்க. துடிக்க விடாதீங்க."

ஹிஸாம் இடுப்பு வளைகத்தியை உருவினான்.

"காலைப் பிடிக்க ஆள் வேணும்" என்றான் ஜுப்ரான். "உன் நாலு பேரையும் கூப்பிடு."

"நீ உன் பத்துப் பேரைக் கூப்பிடேன்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நான் மட்டும்தான்" என்றான் ஹிஸாம்.

ஜுப்ரான் பசுவின் பின்கால்களைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "ஆறு பேரா வந்தோம். நகரத்துல கொள்ளை கிடைக்கும்னு அஞ்சு பேரு அங்க போயிட்டானுங்க. மூலைக்கு மூலை ஓடி ஓடிச் சுட்டதுல என் முட்டி தேஞ்சு போச்சு."

சிரிக்கலாமா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. ஹிஸாம் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்தான். தகிய்யா கடைசிவரைக்கும் பசுவின் காதில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

முடிந்த பிறகு ஜுப்ரான் தன் வளைகத்தியை உறையோடு கழற்றி அவள் காலடியில் வைத்தான். குற்றம் செய்தவன் அப்படித்தான் வைக்க வேண்டும். ஹிஸாமும் கழற்றி வைத்தான்.

"சண்டை முடிஞ்சதும் உன் வாசல்ல எருது கொண்டுவந்து, ஊரைக் கூட்டி, மன்னிப்புக் கேக்கிறேன் அத்தை" என்றான் ஜுப்ரான். "சட்டப்படி பதினோரு மடங்கு."

"ஊரைக் கூட்டியா?" என்றாள் அவள். "கூட்டி என்ன சொல்லுவே? பொம்பளை வேஷத்துல ஒருத்தன் தண்ணி எடுத்தான், அதனால சுட்டேன்னா? கேட்டவன் சும்மா இருப்பானா? நாளைக்கு ஒவ்வொரு முகட்டுலயும் தாகத்துல கிடக்கிறவனெல்லாம் முக்காடு தேடுவான். இது நம்ம மூணு பேரோட இந்தப் பள்ளத்துலயே கிடக்கட்டும்."

"அப்ப கடன்?" என்றான் ஹிஸாம்.

"கடன் கடன்தான். யாருக்கும் தெரியாம தீர்க்க முடிஞ்சா தீருங்க. முடியலேன்னா அல்லா பார்த்துக்குவான்." கத்திகளைத் தள்ளினாள். "எடுத்துக்கோங்க. கறியைப் பங்கு போடணும்."

மூன்று பங்கு போட்டார்கள். நல்ல பங்குகளை அவள் அவர்களுக்கே கொடுத்தாள். "இது என் கையில புல் தின்ன பொண்ணு. எனக்கு அதிகம் இறங்காது" என்றாள். அன்று சூரியன் விழுந்ததும் ஜுப்ரானின் பாங்கு கேட்டது. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. மூன்று இடத்திலிருந்து அடுப்புப் புகை எழுந்து, மேலே போகப் போகக் கலைந்தது. மூன்று பேரும் ஒரே கறியைத் தனித்தனியாக உட்கார்ந்து தின்றார்கள்.

அதன்பிறகு அங்கே வெடிச்சத்தம் இல்லை. பேச்சும் இல்லை. தகிய்யா ஒரு பழைய தோல்பையில் தண்ணீர் எடுத்துப் போனாள். முன்னால் பசு இல்லாததால் அவள் நடை எங்கே வேகமாக வைப்பது, எங்கே நிற்பது என்று தெரியாத நடையாக இருந்தது. திரும்பும்போது கோபுரத்தடித் தொட்டியில் கொஞ்சம் ஊற்றினாள். மாடு இல்லாத தொட்டி.

பெருநாளைக்கு இரண்டு நாள் முன்பு சூரியன் விழுந்தது, பாங்கு வரவில்லை. ஹிஸாம் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு நட்சத்திரம் தெரியும் வரைக்கும் காத்திருந்தான். ஜுப்ரான் ஊருக்குப் போனானோ, வேறு முகட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்களோ. தெரியவே இல்லை. இப்போது அந்த மலையில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடியவன் ஒருவனும் இல்லை.

குளிர்காலக் கடைசியில் கடற்கரைப் படை சண்டை போட்டுச் சாலையைத் திறந்துகொண்டு மேலே வந்தது. ஸன்ஆ முற்றுகை உடைந்தது. லாரிகள் போயின, ஆட்கள் தொங்கிக்கொண்டு பாடினார்கள். கோபுரத்திலிருந்து இறங்கி வந்தவனை ஒரு அதிகாரி தோளில் தட்டி, "தனியா எப்படிய்யா பிடிச்சு வெச்சிருந்தே?" என்று கேட்டார். ஹிஸாம் பதில் சொல்லாததை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

சண்டை அதோடு நிற்கவில்லை. மேலும் இரண்டு வருஷம் இழுத்து, இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசித்தான் நின்றது. ஹிஸாம் வீட்டுக்கு வந்தான். வளர்ந்துவிட்ட ஹூரியா முன்பு கேட்டதை மறந்துவிட்டிருந்தாள். அவன் மறக்கவில்லை. வீட்டுப் பசு போட்ட கிடாரிக் கன்றை அவனே பார்த்துப் பார்த்து வளர்த்தான். அது முதல் சினை பிடித்ததும், சோள அறுப்புச் சமயத்தில், கயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளம்பினான்.

"சினை மாட்டை எங்க ஓட்டிட்டுப் போறீங்க?" என்றாள் மனைவி.

"வாங்கினதைத் திருப்பிக் கொடுக்க."

"யார்கிட்ட வாங்கினீங்க?"

"பேரு சொல்லக்கூடாது" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, வழிக்குச் சோளரொட்டி கட்டிக் கொடுத்தாள்.

பாதி வழி லாரி, பாதி வழி நடை. பைத் ரஹ்பானில் மறுபடி ஆட்கள் குடியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பாறை மறைவில் காத்திருந்தான். ஆண்கள் பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலுக்குத் தொழப் போனார்கள். பெண்கள் கீழ் வயலில் கதிர் அறுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையிலிருந்து சற்றுத் தள்ளித் தனியாக அறுத்துக்கொண்டிருந்த உருவத்தை அவன் தூரத்திலிருந்தே கண்டுகொண்டான்.

தகிய்யாவின் வாசலில் கட்டுத்தறி வெறுமனே நின்றது. அதில் ரைஹானாவின் கயிறு இன்னும் கிடந்தது. அவிழ்க்காமலே வெயிலில் விறைத்துப் போயிருந்தது. அதை அவன் தொடவில்லை. அதற்குமேலே தன் கயிற்றைச் சுற்றி முடிந்தான். கொண்டுவந்த தழையைப் போட்டான். மாடு முகர்ந்து பார்த்துவிட்டு அவனைப் பார்த்தது. தண்ணீர் கேட்கிற பார்வை.

சுவரோரம் ஒரு டின் கவிழ்ந்திருந்தது. எடுத்துக்கொண்டு குளத்துக்கு இறங்கினான். ஒரு பக்கம் கோபுரம், எதிர்ப்பக்கம் முகடு, இரண்டிலும் யாரும் இல்லை. ஆண்பிள்ளை உடையில், வளைகத்தி இடுப்பில் இருக்க, டின்னை மொண்டு தலையில் ஏற்றினான். அந்த நாட்டில் ஆண்பிள்ளை எவனும் அப்படிச் சுமக்க மாட்டான். படியேறும்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

மாட்டின் முன்னால் டின்னை வைத்தான். அது குடிக்க ஆரம்பித்ததும், வந்த வழியே இறங்கிப் போனான்.